கருநீலம் ஏறாத இடங்கள்

ஜூன் 11, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்புவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்குச் சளி விட்டுவிட்டது. உன் நர்ஸ் பயிற்சி விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இந்தக் கடிதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுப்படியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா வெளியே போயிருக்கிறார். கிடங்கில் காவல் வேலை போய் இரண்டு வருடம் ஆகியும் அவர் உடம்புக்கு அது தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, கடைப் பூட்டுகளை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறார். அரை மணி நேரம் ஆகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்திலிருந்து அப்பாவின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிடங்குத் திருட்டு வழக்கை மூடிவிட்டார்களாம். சாக்கில் சுற்றியிருந்தது. பிரித்தால் சாக்கடைக் குழாய் மாதிரி ஒரே துரு. அம்மா தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. தூங்குமூஞ்சிக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றாள். அப்பா சாக்கை மடித்து மூலையில் வைத்தார். மறுநாளே மரக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இரட்டைக் குழலை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். இப்போது தினமும் உப்புத்தாளால் தேய்க்கிறார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு மட்டும் ஒன்று தோன்றுகிறது. திருட்டு நடந்த இரவு காவல் அறையில் துப்பாக்கிதான் கிடந்தது, ஆள் இல்லை என்று விசாரணையில் சொன்னவர் சூப்பர்வைசர். அப்பாவோ அங்கேயேதான் இருந்தேன், கண் அசந்துவிட்டேன் என்றார். அந்த ஆள் சொன்ன பொய்யால்தான் திருடனுக்கு வழிவிட்டவர் என்ற பேர் அப்பாவுக்கு வந்தது. அவர் வீடு இங்கிருந்து மூன்றாவது தெரு. அக்கா, அப்பா அவரைச் சுட்டுவிடுவாரா? சுட்டால் ஜெயிலுக்குப் போய்விடுவார்.

பதிலை என் பெஞ்சுத் தோழி வீட்டு விலாசத்துக்குப் போடு. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


ஜூன் 27

சுண்டெலிக்கு அக்காவின் அன்பு.

நான் நலம். தண்ணீரும் வருகிறது, சாப்பாடும் வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அம்மாவை உட்கார்ந்தே இருக்க வேண்டாம், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்.

கையில் வேலை இல்லாத ஆண்கள் எதையாவது பிரித்துப் போடுவார்கள். எதிர்வீட்டு மாமா ரேடியோவைப் பிரித்தார், இரண்டு வருடமாக அது ஒரு டப்பாவில் கிடக்கிறது. அப்பா இதைப் பிரித்திருக்கிறார், அவ்வளவுதான். நீ கிட்டே போகாதே. சூப்பர்வைசரைப் பற்றி நீயாக எதையும் முடிவு கட்டாதே.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? ஸ்டேஷன் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்ததே, அது இன்னும் பூட்டித்தான் கிடக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

கணக்கில் கவனம் வை. இதைப் படித்ததும் கிழித்துவிடு.
அக்கா


ஜூலை 8, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எழுந்து நடக்கிறாள், மெஷினிலிருந்து அடுப்படி வரைக்கும். நான் நலம். நீ?

பதினாறு நாள் கழித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதிலும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

இங்கே வேலை வேகமாக நடக்கிறது. துரு எல்லாம் போய்க் குழல் வெள்ளையாக வந்துவிட்டது. இனிமேல் நிறம் ஏற்ற வேண்டுமாம். வேலை செய்யும்போதுதான் அப்பாவுக்குப் பேச்சு வரும் என்று உனக்குத் தெரியுமே. பக்கத்தில் நின்றேன். "நல்ல துருவா நாமளே வரவெச்சு, அதைக் கறுப்பாக்கி உட்கார வெச்சிட்டா, கெட்ட துரு கிட்ட வராதும்மா" என்றார். குழலைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பசையே இல்லாமல் செய்கிறார். இரண்டு முனையிலும் தக்கை அடித்திருக்கிறார். பட்டறை வைத்திருக்கிற லேத் மாமா ஒரு பழுப்பு நிறப் பாட்டிலில் மருந்து கொடுத்திருக்கிறார். அதைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசி, குளியலறையில் ஒரு வாளி வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்தி, குழலை இரவெல்லாம் தொங்கவிடுகிறார். காலையில் அது முழுக்கச் செம்மண் தூவியதுபோல் துரு. பிறகு நீளத் தகரத் தொட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தால் துரு கறுத்துவிடும். இரும்பு நாரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி பூசவேண்டும். ஏழு தடவை செய்தால் மயில் கழுத்து மாதிரி கருநீலம் வருமாம்.

அக்கா, நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். முதல் பூச்சு போட்ட இரவு, அப்பா சுற்றப் போனபோது குளியலறைக்குள் போனேன். உள்ளே தோட்டா இருக்குமோ என்று பார்க்கத்தான் குழலைத் தொட்டுத் திருப்பினேன். அன்று தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். காலையில் குழல் முழுக்கச் சிவப்பு, மூன்று இடத்தில் மட்டும் பளபளவென்று வெள்ளை. மருந்து அங்கே பிடிக்கவில்லை. அப்பா வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோடா பத்தலை போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, முதலிலிருந்து உப்புத்தாளை எடுத்தார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வீட்டு வாசலில் அப்பா நின்றதைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை, மணியும் அடிக்கவில்லை.

ஸ்டூடியோவைப் போன வாரம் திறந்துவிட்டார்கள். முன்பு இருந்த அதே ஆள்தான். ஏன் கேட்டாய்?

உன் தங்கை


ஜூலை 14

சுண்டெலிக்கு,

நலம். உன் கடிதம் காலையில் கிடைத்தது, இப்போதே எழுதுகிறேன்.

அதே ஆள்தான் என்று நன்றாகத் தெரியுமா? சுருட்டை முடியா? அவன் வந்தது அப்பாவுக்குத் தெரியுமா? அந்த வழியாக அப்பா போகிறாரா? ஏன் என்று கேட்காதே. பார்த்து எழுது.

உன் கை பட்டால் பூச்சு கெடும் என்றால், படட்டும். ஒவ்வொரு முறையும் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அல்லவா? எனக்கு விடுமுறை கிடைக்கும்வரை அந்தத் துப்பாக்கி முடியக்கூடாது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லாதே, நான் எழுதியதே தெரியக்கூடாது.
அக்கா


ஜூலை 30, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், உன் நலத்தை எழுது. இந்த முறை ஆறே நாளில் பதில் போட்டாய். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் பேரைச் சொன்னபோது உனக்கு அவசரம் இல்லை. ஸ்டூடியோ என்றதும் பறந்துவந்து பதில் எழுதுகிறாய்.

சுருட்டை முடிதான். அப்பா அந்த வழியாகப் போவதில்லை, எனக்குத் தெரிந்தவரை.

நீ சொன்னபடி செய்கிறேன். தினமும் இல்லை. மூன்றாவது பூச்சு, நான்காவது பூச்சு என்று ஏறும்வரை விட்டுவிட்டு, பிறகு ஒருநாள் விரல் வைக்கிறேன். பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்து வைக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. காலையில் அப்பா குழலை ஜன்னலில் பிடித்துப் பார்க்கும்போது நான் பல் தேய்த்துக்கொண்டே நிற்கிறேன். அவர் கோபப்படுவதே இல்லை. அம்மாவின் பழைய வெள்ளைப் பாவாடைத் துணியில் கையுறை தைத்துப் போட்டிருக்கிறார். "மாப்பிள்ளை அலங்காரம் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. "பொண்ணு யாரு, அந்த இரும்பா?"

சுவர்க் காலண்டரில் செப்டம்பர் இருபதாம் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. நேற்று லேத் மாமாவிடம் அப்பா, "இருபதாம் தேதிக்குள்ள துப்பாக்கி தயாராயிடணும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அன்றைக்கு என்ன, அக்கா?

தங்கை


ஆகஸ்ட் 12

சுண்டெலிக்கு,

நலம். இரவு வார்டு என்பதால் எழுத நேரமில்லை. இங்கே ஒரு பாட்டில் மருந்துக்குப் பதில் இன்னொரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் ஒருவாரமாக அழுகிறாள். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

விடுமுறை கேட்டேன், கொடுக்கவில்லை. இருபதாம் தேதிவரை நீ விட்டுவிடாதே. வேறு எதுவும் என்னிடம் கேட்காதே.

நன்றாகத் தூங்கு. படிப்பை விடாதே.
அக்கா


செப்டம்பர் 3, இரவு

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

அப்பா இதுவரை பத்துத் தடவைக்கு மேல் தொட்டியைக் கொதிக்க வைத்துவிட்டார். சாப்பிடும்போது அவர் கண் எங்கள் கைகள் மேல் இருக்கிறது. முதலில் அம்மாவின் கையைப் பார்த்தார், பிறகு என்னுடையதை. நான் விரலை மடக்கிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலியை எடுத்துப் போடவில்லை. "சாட்சி சொல்ல வந்திருக்காரா? இங்க யாரும் தூங்கலையே" என்றாள் சத்தமாக. அப்பா அவசரமாக அவரை வெளியே அழைத்துப் போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்தேன். பேசியது கேட்கவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்திருந்தார். விடவே இல்லை, முறுக்குகிற மாதிரி இருந்தது. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டே போனார்.

தூங்கிவிட்டேன் என்று விசாரணையில் சொன்ன இதே அப்பா இரவில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நீ என்னவோ மறைக்கிறாய். அந்தச் சுருட்டை முடிக்காரர் யார்? இதற்கு மட்டும் பதில் எழுது. எழுதாவிட்டால் நான் இனித் தொட மாட்டேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

தங்கை


செப்டம்பர் 10

என் செல்லத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன்னை இதில் இழுத்துவிட்டது என் தப்பு.

சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவர் அப்பா.

அந்த இரவு நான் ஒரு பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஸ்டூடியோக்காரர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இருவரும் போய் எங்காவது கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. ஒரு மணி ஆகியும் வரவில்லை. ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு சாயங்காலமே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இரண்டு ஆட்கள் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பயத்தில் கிடங்குக்குப் போன் செய்தேன். அப்பா துப்பாக்கியைக் காவல் அறையிலேயே வைத்துவிட்டுச் சைக்கிளில் வந்தார். "ஏறு" என்றார். வீடுவரை வேறு ஒரு வார்த்தை இல்லை. பின்கதவு வழியாக என்னை உள்ளே விட்டார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், நீயும்தான். அவர் திரும்பிப் போனபோது கிடங்கின் பூட்டு உடைந்திருந்தது.

எங்கே போனீர்கள் என்று கேட்டால் என் பேர் வரும். அதனால் வீட்டுக்கு வந்து விசாரித்த போலீஸ்காரர்களிடம் தூங்கிவிட்டேன் என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், சுண்டெலி. வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே இங்கே பயிற்சிக்கு வந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா? அப்பாவுக்குச் சூப்பர்வைசர் மேல் கோபம் இருக்கக் காரணமே இல்லை. அவர் தேடுவது இந்த ஆளைத்தான். வந்துவிட்டான் என்று தெரிந்து வைத்திருக்கிறார். என்னால் ஒருமுறை வேலை போனது. என்னாலேயே ஜெயிலுக்கும் போக விடமாட்டேன். இன்னும் பத்து நாள்தான். தொடு. இரண்டு கையாலும் தொடு.

இதைக் கட்டாயம் எரித்துவிடு.
அக்கா


செப்டம்பர் 22, இரவு

அக்காவுக்கு,

நீ நலமா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம், எல்லோரும். ஸ்டூடியோக்காரரும்.

நீ சொன்னபடி பதினெட்டாம் தேதி இரவு உள்ளங்கை முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு போய்க் குழலை இரண்டு கையாலும் பிடித்தேன். அப்பாவுக்கு மறுபடி முதலிலிருந்து தேய்க்க நேரமில்லை. அதே கறையோடு எண்ணெய் போட்டுக் கட்டையில் பூட்டினார்.

இருபதாம் தேதி காலையில் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோலக் கிளம்பிப் பின்னாலேயே போனேன். தெருமுனையில் சூப்பர்வைசர் காத்திருந்தார். நான் ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே சேர்ந்து நடந்தார்கள்.

போனது ஒரு வங்கிக்கு. பின்பக்க முற்றத்தில் ஐந்து பேர் தங்கள் தங்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். இரவுக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள், அக்கா. துப்பாக்கி ஆய்வும் அன்றைக்குத்தான். வேறு ஒன்றும் இல்லை. நான் மதில் ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

அதிகாரி ஒவ்வொரு குழலாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். அப்பாவிடம் வந்ததும் நின்றார். "இது என்ன, அம்மை போட்ட துப்பாக்கியா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

சூப்பர்வைசர் முன்னால் வந்து, "சார், ஆளுக்கு நான் பொறுப்பு. அன்னிக்கு என்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொன்னேன். ஆனா திருடனுக்குக் கதவு திறந்துவிடுற ஆள் இவர் இல்ல" என்றார்.

"ஆளை நான் குறை சொல்லலையே. சொந்தத் துப்பாக்கியையே இப்படி வெச்சிருக்கிறவரை வாசல்ல எப்படி நிறுத்துறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

அடுத்தவரை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது அப்பா தனியாக ஸ்டேஷன் ரோடு வழியாக வந்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டூடியோக்காரர் நடைபாதையில் நின்று பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவையும் போர்வையையும் பார்த்ததும் அவர் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்துவிட்டது. அப்பா, "கொஞ்சம் தள்ளிக்கோப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டில் சூப்பர்வைசர் மனைவி மூலம் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேலை உறுதியான பிறகு சொல்லலாம் என்று அப்பா இருந்தாராம். இதற்கு முன் மூன்று வேலை வருவதாகச் சொல்லி வராமல் போனதே, அதனால். அம்மா மெஷினை நிறுத்தாமலே, "அங்கயும் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான்தான் அந்த வேலையைக் கெடுத்தேன். நீ சொல்லி நான் கெடுத்தேன்.

தங்கை


அக்டோபர் 4

சுண்டெலிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் பரீட்சை. அது முடியட்டும், நேரம் பார்த்து நானே அப்பாவுக்கு எழுதுகிறேன். அதுவரை நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம், உன் நலம் வேண்டுகிறேன். இதைப் பகலில், கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். உனக்கு என்று சொன்னேன்.

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். நேற்று அப்பா மறுபடி குழலைக் கழற்றிப் பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் ஏதாவது வந்தால் உதவுமே என்று.

"அப்பா, அந்தப் புள்ளியெல்லாம் என் விரல்."

அவர் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உன் விரலா?" என்றார். "உங்கம்மா விரல்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?"

"என்னத்தக் கேக்கறது? ரெண்டு வருஷமா உக்காந்து தைச்சு அவளுக்கு இடுப்பே போச்சு. என்மேல காட்ட முடியாத கோபத்தை இரும்புமேல காட்டிட்டுப் போறான்னு விட்டுட்டேன்." அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நீ எதுக்கும்மா?"

"நீங்க யாரையோ சுடப் போறீங்கன்னு பயந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

உண்மையாகவே யோசித்தார், அக்கா. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மாட்டேன்" என்றார்.

பிறகு நான் பஸ் ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியதாகச் சொன்னேன். அப்போதுதான் உப்புத்தாள் நின்றது. உள்ளே மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். நீ சொல்லாதே."

சரி என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா சொல்லாதே என்றது என்னிடம்தான். உன்னிடம் சொல்லவில்லை.

இன்று காலையும் அம்மா, "தூங்குமூஞ்சிக்கு டீ கொண்டுபோய்க் கொடு" என்று தம்ளரை என்னிடம் நீட்டினாள். அப்பா எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

பரீட்சை எந்தத் தேதியில் முடிகிறது? அடுத்த நாள் எத்தனை மணிக்குப் பஸ்? அந்த இரண்டை மட்டும் எழுது.

உன் தங்கை